விருந்தாளியின் விசுவாசமும் விடுதியின் வாக்கும்

கடந்த வருடம் என் தாயாரின் ஆட்டைத் திவசத்துக்காகக் கனடாவிலிருந்து தங்கையின் குடும்பம் வரவிருந்தது. கட்டுநாயக்காவில் இறங்கி, கொழும்பில் இரண்டு இரவுகள் தங்கிக் களைப்பாறிய பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுவதென்று ஏற்பாடு. அந்த இரண்டு இரவுகளுக்கும் என் கணக்கிலிருந்த புள்ளிகளைக் கொண்டு அறை எடுத்துக்கொடுக்கலாமென்று நான் எண்ணியிருந்தேன். சர்வதேச ஹோட்டல் குழுமம் ஒன்றின் விசுவாசத் திட்டத்தில் பதினொரு வருடங்களாக நான் ஓர் அங்கத்தவன். செய்தி சேகரிப்புக்கும் மாநாடுகளுக்குமாகச் சென்ற நகரங்களிலெல்லாம், வேறு இடங்களில் வாடகை சற்றுக் குறைவாக இருந்தபோதிலும், அதே குழுமத்தின் ஹோட்டல்களையே தெரிவு செய்து தங்கிச் சேர்த்த புள்ளிகள் அவை.

வரவேற்பு மேசையிலிருந்த இளைஞர் கணனித் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தயக்கத்துடன், "சேர், உங்கட கணக்கில ஒரு புள்ளியும் இல்லை" என்றார். தொடர்ந்து இரண்டு வருடங்கள் நான் எங்கும் தங்காததால் அனைத்தும் காலாவதியாகிவிட்டனவாம். பத்தொன்பது நாட்களுக்கு முன்னர்தான் அது நடந்திருந்தது. அந்த இரண்டு வருடங்களில் பெரும்பகுதியை நான் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கட்டிலருகே கழித்தேன். எஞ்சிய காலத்தில் எங்கும் பயணம் செய்யும் மனநிலை இருக்கவில்லை. இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்வதில் பயனில்லை என்று தெரிந்தும், "ஒரு வழியும் இல்லையா, தம்பி?" என்று கேட்டேன். "எங்களால ஒன்றும் செய்ய ஏலாது, சேர். சிஸ்டம் விடாது" என்றார். அவருடைய முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

இழந்த புள்ளிகளுக்காகப் புலம்புவதற்கு நான் இதை எழுதவில்லை. தங்கையின் குடும்பம் வெள்ளவத்தையில் ஓர் எளிய விருந்தினர் இல்லத்தில் சுகமாகத் தங்கிச் சென்றது. ஆனால் 'சிஸ்டம் விடாது' என்ற அந்த இரண்டு சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. விசுவாசம் என்ற பெரிய சொல்லைத் தன் திட்டத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொள்ளும் ஒரு வியாபாரம், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

1990களின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக நான் கொழும்புக்கு வந்துபோன நாட்களில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்குவது வழக்கம். வடக்கிலிருந்து வரும் ஒருவனுக்குத் தலைநகரில் அறை கிடைப்பதே பெரும்பாடாக இருந்த போர்க்காலம் அது. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, யாருக்காக வந்தாய், எத்தனை நாள் நிற்பாய் என்ற விசாரணைகள். அந்த லொட்ஜின் மனேஜர் ஐயா தடித்த பதிவேடு ஒன்றை வைத்திருந்தார். ஆனால் என்னைக் கண்டதும் அதைத் திறப்பதில்லை. "தம்பி, போன முறை விட்டிட்டுப் போன குடை இஞ்ச கிடக்கு" என்பார். நான் ஏழெட்டு மாதங்கள் வராமலிருந்திருந்தால், "என்ன, வீட்டில ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்பார். வராமலிருந்ததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவர் முதலில் நினைத்தார். இன்றைய திட்டமோ, வராமலிருந்தவனை விட்டுப் போனவனாகவே கணக்கில் எழுதுகிறது.

ஆயிரக்கணக்கான ஹோட்டல்களைக் கொண்ட ஒரு குழுமத்தில் அந்த மனேஜர் ஐயாவை எதிர்பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்த இடத்தை நிரப்பவே இத்திட்டங்கள் தோன்றின. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் அடிக்கடி பறப்போருக்கான மைல் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வருடங்களில், 1983 இல், ஹொலிடே இன் நிறுவனமும் மரியட் நிறுவனமும் அதையே ஹோட்டல் தொழிலுக்குக் கொண்டுவந்தன. ஹில்டன் 1987 இல் வந்து சேர்ந்தது. 1999 இல் ஸ்டார்வூட் நிறுவனம், இலவச இரவுகளுக்குத் தடைசெய்யப்பட்ட நாட்களே இல்லை என்ற அறிவிப்போடு தன் திட்டத்தைத் தொடங்கிப் பயணிகளின் மனதைக் கவர்ந்தது. 2016 செப்டெம்பரில் அந்த ஸ்டார்வூட்டை மரியட் ஏறத்தாழ 13 பில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2018 ஓகஸ்டில் இரு நிறுவனங்களின் திட்டங்களும் ஒன்றிணைக்கப்பட்டன. 2024 முடிவில் மரியட், ஹில்டன் ஆகிய இரண்டின் அங்கத்தவர் தொகையும் தனித்தனியே 200 மில்லியனைத் தாண்டியிருந்தது. உலகின் பெரும்பாலான நாடுகளின் சனத்தொகையைவிட இது அதிகம்.

இத்தனை கோடிப் பேரின் கையில் இருக்கும் புள்ளி என்பதுதான் என்ன? அதை ஓர் அன்பளிப்பாகவே ஹோட்டல்கள் பேசுகின்றன. ஆனால் அவற்றின் கணக்காளர்கள் அப்படிக் கருதுவதில்லை. 2007 இல் வெளியிடப்பட்ட சர்வதேசக் கணக்கீட்டு விளக்கம் ஒன்றும், 2018 முதல் அதன் இடத்தைப் பிடித்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற நியமமும் ஒரே விடயத்தையே சொல்கின்றன. விருந்தாளி செலுத்தும் வாடகையில் ஒரு பகுதி, அவருக்கு வழங்கப்படும் புள்ளிக்கான விலையாகும். அந்தப் புள்ளியை அவர் பயன்படுத்தும்வரை அப்பணத்தை வருமானமாகக் கொள்ளலாகாது. அதைப் பொறுப்பாகவே காட்ட வேண்டும். மரியட் நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு ஐந்தொகையில் இவ்வாறு காட்டப்பட்ட தொகை 6 பில்லியன் டொலருக்கும் அதிகம். ஆகவே, புள்ளி என்பது நாம் ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கிய ஒன்று. ஹோட்டல் நமக்குத் தரவேண்டிய கடன் அது. இந்த ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொண்டால், இத்திட்டங்களில் எவற்றைத் திருத்த வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

முதலாவது, புள்ளியின் பெறுமதி. முன்னர் எந்த ஹோட்டலில் ஓர் இரவுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றிருந்தது. அதைப் பார்த்து ஒருவர் இரண்டு மூன்று வருடங்களுக்குத் திட்டமிட்டுச் சேர்க்க முடிந்தது. ஹில்டன் 2017 இல் அந்த அட்டவணையைக் கைவிட்டது. மரியட் 2022 மார்ச்சில் கைவிட்டது. அதன் பின்னர், அறைவாடகை ஏறி இறங்குவதைப் போலவே தேவையான புள்ளிகளும் நாளுக்கு நாள் ஏறி இறங்குகின்றன. அதே 2022 மார்ச்சில்தான் இலங்கை ரூபாவும் மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. சேமிப்பு கையிலிருக்கும்போதே கரைந்துபோவது எப்படியிருக்கும் என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனினும் மத்திய வங்கியைக் கேள்வி கேட்கப் பாராளுமன்றம் என்று ஒன்றாவது இருக்கிறது. புள்ளியை அச்சடிப்பவரும் அதன் விலையைத் தீர்மானிப்பவரும் அதைத் திரும்பப் பெறுபவரும் ஒரே நிறுவனமாக இருக்கையில், விருந்தாளி யாரிடம் போவது?

இதற்கு மாற்றுவழி இல்லாமலில்லை. குளோபல் ஹோட்டல் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு, 2021 டிசெம்பரில் தன் திட்டத்தை மாற்றியமைத்தபோது, ஓர் அலகு ஓர் அமெரிக்க டொலருக்குச் சமன் என்று நிர்ணயித்தது. பில்லில் 30 டொலரைக் கழிக்க வேண்டுமா, 30 அலகு போதும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. எல்லோரும் இதையே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அட்டவணையை மீண்டும் கொண்டுவரட்டும். அல்லது புள்ளிக்கு ஒரு குறைந்தபட்சப் பெறுமதியை எழுத்தில் தரட்டும். மாற்றம் செய்வதாயின் ஒரு வருடத்துக்கு முன்னரே அறிவிக்கட்டும். அதுவரை சேர்ந்த புள்ளிகளுக்குப் பழைய விலையையே வழங்கட்டும். 'எவ்வேளையிலும் மாற்றலாம்' என்ற நிபந்தனையை ஒரு பக்கம் மட்டுமே பயன்படுத்த முடியுமெனில், அதற்கு ஒப்பந்தம் என்ற பெயர் பொருந்தாது.

இரண்டாவது, காலாவதி. பெரும்பாலான திட்டங்களில் ஒன்று முதல் இரண்டு வருடங்கள் வரை கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லாவிடில் புள்ளிகள் அழிந்துவிடும். கடன்பட்டவன், கடன் கொடுத்தவன் இரண்டு வருடங்களாகத் தன் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று சொல்லிக் கடனைக் கிழித்தெறிவதற்கு ஒப்பானது இது. முடிவற்ற கடனைச் சுமக்க எந்த நிறுவனமும் விரும்பாது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய், பிரசவம், வேலையிழப்பு, பெற்றோரைப் பராமரித்தல் ஆகியவை எல்லோர் வாழ்விலும் வருபவை. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியபோது, இதே குழுமங்கள் அங்கத்தவர்களின் தரநிலைகளை நீடித்தன. காலாவதித் திகதிகளைத் தள்ளிவைத்தன. அப்போது சிஸ்டம் விட்டது. உலகம் முழுவதற்கும் நோய் வந்தபோது செய்ய முடிந்ததை, ஒரு வீட்டில் நோய் வந்தபோது செய்ய முடியாதா? காலாவதியான புள்ளிகளை ஆறு மாதங்களுக்குள் கோரினால் மீள வழங்கும் விதி ஒன்றே போதுமானது.

மூன்றாவது, யாரை விசுவாசி என்று கொள்வது என்பது. வருடத்துக்கு ஐம்பது இரவுகள் தங்கி உயர்தரம் பெறுபவர் ஒருவர். அமெரிக்காவில் சில கடனட்டைகளுக்கு வருடாந்தக் கட்டணம் செலுத்தி, ஓர் இரவேனும் தங்காமல் அதே தரத்தைப் பெறுபவர் இன்னொருவர். மறுபுறத்தில், அலுவலகத்தின் பயண முகவர் இணைய முன்பதிவுத் தளமொன்றின் ஊடாக அறை எடுத்துக்கொடுத்த காரணத்தால், இருபது இரவுகள் தங்கியும் ஒரு புள்ளியும் பெறாதவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய தளங்களுக்குக் கொடுக்கும் தரகுப் பணத்தை மிச்சம்பிடிக்கவே ஹோட்டல்கள் இவ்வாறு செய்கின்றன. அது நியாயமான வியாபாரக் கணக்கு. புள்ளியைக் கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் அங்கே உறங்கிய இரவையாவது இரவாகக் கணக்கிடலாமே. பணம் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வந்த மனிதரைப் பார்க்காமல் விடுவது விருந்தோம்பல் தொழிலுக்கு அழகல்ல.

அடிக்கடி தங்குபவருக்கு என்ன தேவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பழக்கூடையும் வரவேற்புக் கடிதமும் அழகானவைதாம். ஆனால் மத்திய கிழக்கிலிருந்து வரும் விமானங்களில் பல கட்டுநாயக்காவில் இறங்குவது விடியற்காலையில். அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த இடைப்பட்ட நேரத்தில் வயோதிபத் தாயோடும் உறங்கும் குழந்தையோடும் வரவேற்பறைச் சோபாவில் காத்திருந்தவர்களுக்கு, எந்தப் பரிசு பெரியதென்று நன்றாகத் தெரியும். மரியட்டின் திட்டத்தில் உயர்தர அங்கத்தவர்கள் பெரும்பாலான நகர ஹோட்டல்களில் மாலை நான்கு மணிவரை அறையை வைத்திருக்கலாம் என்பது உறுதியாகத் தரப்பட்ட உரிமை. அதுபோலவே அதிகாலை வருகைக்கும் ஓர் உறுதி வேண்டும். 'இருந்தால் தருவோம்' என்பதை உரிமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான்காவது, நம் பெயர்கள். இதை வாசிக்கும் தமிழர்கள் பலர் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும். நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தையின் பெயர் முதலில், நம் பெயர் பின்னால். சிலருக்கு முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் ஒரு விதம், கடனட்டையில் ஒரு விதம், அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலில் இன்னொரு விதம். ஹோட்டலின் கணனிக்கு இவர்கள் மூவர். என் பெயரில் மூன்று கணக்குகள் இருந்ததை நான் கண்டறிந்ததே நாலைந்து வருடங்கள் கழித்துத்தான். காலாவதி எச்சரிக்கை எப்போதோ கைவிட்ட அலுவலக மின்னஞ்சலுக்குச் சென்றிருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று சேராமற்போன இரவுகள் எத்தனை என்று தெரியாது. ஒருவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று கேட்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் போதும். இரட்டைக் கணக்குகளை ஒன்றாக்கும் அதிகாரம் வரவேற்பு மேசையிலேயே இருக்க வேண்டும். குடும்பமாகச் சேமிக்கவும் வழி வேண்டும். ஹில்டன் 2017 இலிருந்து பதினொருவர் வரை தம் புள்ளிகளை ஒன்றுசேர்க்க அனுமதிக்கிறது. ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று சிதறிக்கிடக்கும் குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சலுகை வேறில்லை.

பெயரோடு சேர்ந்து நாம் ஒப்படைப்பது நம் விபரங்களை. ஸ்டார்வூட்டின் முன்பதிவுத் தரவுத்தளத்தில் 2014 முதலே அந்நியர் புகுந்திருந்த விடயம் 2018 நவம்பரில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மறைகுறியாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு இலக்கங்கள் மட்டும் 50 இலட்சத்துக்கும் அதிகம். 2020 ஒக்டோபரில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் மரியட்டுக்கு 18.4 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் 49 மாநிலங்களுடனும் தலைநகர்ப் பிரதேசத்துடனும் 52 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. அதே வேளையில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கத்தில் கவனிக்கத்தக்க ஒரு நிபந்தனை உண்டு: அங்கத்தவர் கோரினால் கணக்கைப் பரிசீலித்து, திருடப்பட்ட புள்ளிகளை மீள வழங்க வேண்டும். புள்ளியும் ஒரு சொத்து, அது திருடப்படக்கூடியது, திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது என்பதை அரசு நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. 'அடுத்தவன் பணத்தில் பயணம் செய்து புள்ளி சேர்ப்பவர்களுக்கு இவ்வளவு வக்காலத்தா?' என்பது அது. நியாயமான கேள்வி. என் புள்ளிகளிலும் கணிசமானவை பத்திரிகை நிறுவனமும் மாநாட்டு அமைப்பாளர்களும் செலுத்திய வாடகையில் வந்தவை. 2002 ஜூலையில் ஜேர்மன் அரசியல்வாதி கிரெகோர் கீஸி, உத்தியோகபூர்வப் பயணங்களில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியமைக்காகப் பேர்லின் நகர அமைச்சர் பதவியையே துறந்தார். புள்ளி யாருக்குச் சொந்தம் என்பதை ஊழியரும் நிறுவனமும் தமக்குள் நேர்மையாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அது ஹோட்டலின் கடனைக் குறைப்பதில்லை. மேலும், சொந்தக் காசில் வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து, செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்குமாகப் பத்து நாட்கள் ஹோட்டலில் தங்கிப் போகும் ஆயிரக்கணக்கானோரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கடைசியாக, அந்த வரவேற்பு மேசை இளைஞரிடம் வருகிறேன். இத்தொழிலில் பெயர்ப்பலகை ஒருவருடையது, கட்டடம் பெரும்பாலும் இன்னொருவருடையது. அங்கத்தவர் செலுத்தும் பில்லில் ஒரு வீதத்தைக் கட்டட உரிமையாளர் குழுமத்தின் திட்டத்துக்குச் செலுத்துகிறார். விருந்தாளி புள்ளிக்குத் தங்கும்போது குழுமம் உரிமையாளருக்கு ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஹோட்டல் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் அது வழமையான வாடகையை அண்மிக்கும். இல்லாவிடில் மிகவும் குறைவு. எனவே இலவச இரவையும் மேலான அறையையும் உரிமையாளர் செலவாகப் பார்க்கிறார். குழுமம் விளம்பரமாகப் பார்க்கிறது. இருவருக்கும் இடையில் நின்று விருந்தாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியவர், எந்த அதிகாரமும் இல்லாத அந்த ஊழியர். உரிமையாளருக்கு நியாயமான ஈடு கொடுங்கள். பிறகு அந்த இளைஞருக்கு மாதத்துக்கு இத்தனை புள்ளிகளை உன் தீர்ப்பின்படி வழங்கலாம், மீட்டுக்கொடுக்கலாம் என்று அதிகாரம் கொடுங்கள். கொட்டாஞ்சேனை மனேஜர் ஐயாவிடம் இருந்ததும் அதுதான். பதிவேட்டைத் திறக்காமலே முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

சென்ற மாதம் அந்தக் குழுமத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நெடுநாளாக என்னைக் காணாமல் வருந்துவதாகவும், மீண்டும் வந்து தங்கினால் 500 புள்ளிகள் மேலதிகமாகத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். கடிதத்தின் தொடக்கத்தில் என் தந்தையாரின் பெயரை இட்டு, அன்புக்குரியவரே என்று விளித்திருந்தார்கள். அவர் 1991 இல் காலமானவர். வாழ்நாளில் ஒரு நாளேனும் நட்சத்திர ஹோட்டலில் தங்கியதில்லை.